ஊட்டி, குன்னூரில் வீடு வாங்கப் போறீங்களா? பட்டா, வில்லங்கம் மட்டும் பார்த்தால் போதாது... ஏன்?

"சார், பட்டா க்ளியர். ஈசியில் ஒரு வில்லங்கமும் இல்லை. நாளைக்கே பத்திரம் பதிவு பண்ணிடலாம்."

நீலகிரியில் வீடு அல்லது மனை தேடும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கேட்கும் வசனம் இது. சென்னையிலோ கோவையிலோ இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதி கவலை தீர்ந்துவிடும். மலையில் அப்படி இல்லை. புரோக்கர் சொன்ன மூன்றுமே உண்மையாக இருக்கலாம். அப்படியும், வாங்கிய இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாமல் போகலாம்.

சமவெளியில் முதலில் கேட்க வேண்டியது, "இந்த நிலம் யாருடையது?" என்ற கேள்வி. நீலகிரியில் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இது என்ன வகை நிலம்?" இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பதுதான் பலர் செய்யும் பெரிய தவறு. ஓய்வுக்கால சேமிப்பைப் போட்டு, "கடைசி காலத்தில் குளிர்ச்சியா ஒரு இடத்தில் இருக்கலாம்" என்று வருபவர்களுக்கு இது வாழ்நாள் பணத்தின் பிரச்னை.

என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மசினகுடியில் என்ன நடந்தது?

பத்திரம் கையில் இருந்தும் இடத்தைப் பயன்படுத்த முடியாமல் போனதற்குப் பெரிய உதாரணம், முதுமலைக்குப் பக்கத்தில் உள்ள சீகூர் பீடபூமி. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் எல்லாம் இந்தப் பகுதியில்தான் வருகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் பாதை இது. 2010 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு இதை யானை வழித்தடமாக அறிவித்து அரசாணை வெளியிட்டது. 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை உறுதி செய்தது. வழித்தடத்துக்குள் இருக்கும் விடுதி உரிமையாளர்களும் மற்ற தனியார் நில உரிமையாளர்களும் இடத்தைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2018 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில், அந்த வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளுக்கு சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14-ம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி எஸ்.ஏ.பாப்டே தலைமையிலான அமர்வு, யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. நில உரிமையாளர்களின் ஆட்சேபனைகளைக் கேட்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? அங்கே இருந்தவர்கள் எல்லோரும் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் இல்லை. காசு கொடுத்து வாங்கி, பத்திரம் பதிந்து, பட்டா வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். "இடம் என் பேரில்தானே இருக்கு" என்ற வாதம் மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

தனியார் காடு என்றால் என்ன?

காடு என்றாலே வனத்துறைக்குச் சொந்தம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் தனியார் பெயரில் பட்டா இருக்கும் நிலமும் சட்டப்படி காடாக இருக்கலாம். இதற்கென்றே 1949-ல் வந்தது தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம்.

இந்தச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ வேண்டுமானால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி வேண்டும். அனுமதி வாங்காமல் விற்றால் அந்த விற்பனையே செல்லாது. மரம் வெட்டவும் அனுமதி தேவை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த விவரம் வில்லங்கச் சான்றில் பளிச்சென்று தெரியாது. ஈசி என்பது அந்த நிலத்தில் நடந்த பதிவுகளின் பட்டியல்தான். இன்னாரிடமிருந்து இன்னார் வாங்கினார், இந்த வங்கியில் அடமானம் இருக்கிறது என்று சொல்லும். "இந்த சர்வே நம்பர் தனியார் காடு" என்று சொல்லும் வேலை அதற்கு இல்லை. அதற்கு மாவட்ட வன அலுவலகத்திலும், ஆட்சியர் அலுவலகத்திலும் சர்வே நம்பரைக் கொடுத்து எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும். "வாயால சொன்னாங்க" என்பது கணக்கில் வராது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஏன் விலை குறைவு?

"ஊட்டியில் கொடுக்கிற காசில் கால்வாசிக்கு கூடலூரில் இடம் கிடைக்குது" என்று யாராவது சொன்னால், அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பகுதி நிலங்கள் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜமீன் குடும்பங்களிடம் 'ஜென்மம்' நிலமாக இருந்தவை. 1969-ல் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சுமார் 80 ஆயிரம் ஏக்கர் இதன் கீழ் வந்தது. சட்டத்தை எதிர்த்து தோட்ட நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. 1972-ல் காட்டு நிலங்கள் குறித்த பகுதியை நீதிமன்றம் ரத்து செய்தது. 1974-ல் அரசியலமைப்புத் திருத்தம் மூலம் இந்தச் சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2007 ஜனவரியில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு வழங்கிய புகழ்பெற்ற 'ஐ.ஆர்.கோயலோ' தீர்ப்பின் ஆணிவேரே இந்தக் கூடலூர் நிலம்தான்.

இவ்வளவு வரலாறு வீடு வாங்குபவருக்கு எதற்கு? காரணம், 'செக்‌ஷன் 17 நிலம்'. ஜென்மிகளிடமிருந்து தோட்டக் குத்தகைக்கு எடுத்த நிலங்கள் இந்தப் பிரிவில் வருகின்றன. இவற்றின் உரிமைப் பிரச்னை பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டே வந்தது. அங்கே வீடு கட்டிக் குடியிருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர்கள் உட்பட, பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் வருஷக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடங்கள் வெள்ளைப் பேப்பரில் எழுதியோ, ஸ்டாம்ப் பேப்பரில் 'அனுபவ உரிமை' என்று போட்டோ கைமாறுகின்றன. 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்யாத பேப்பரில் வாங்கினால், சட்டப்படி உரிமை கைக்கு வராது. வெறும் பொது அதிகாரப் பத்திரத்தை, அதாவது 'பவர்' பத்திரத்தை வைத்து வாங்கினாலும் அதே கதிதான். 2011-ல் 'சூரஜ் லேம்ப்' வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வன உரிமைச் சட்டம் 2006-ன் கீழ் பழங்குடியினருக்குக் கொடுக்கப்பட்ட உரிமை நிலத்தையும் விற்க முடியாது. வாரிசுக்கு மட்டுமே போகும். நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலங்களிலும் விற்பனைக்குத் தடை இருக்கும். குறைந்த விலைக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது.

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் பிளாட்... வாங்கலாமா?

"டீ எஸ்டேட் வியூ வில்லா" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் தேயிலை நிலம் வீட்டு மனை ஆகிவிடுவதற்கு, செடியைப் பிடுங்கி நாலு கல் நட்டால் போதாது.

தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டம் 1961-ல் இருந்து பெரிய தோட்டங்களுக்கு விலக்கு இருப்பது, அவை தோட்டங்களாக இருக்கும்வரைதான். அந்த நிலத்தைத் துண்டு போட்டு விற்கும்போது உச்சவரம்புக் கேள்வி எழும். சிறு தேயிலை விவசாயிகளின் நிலம் என்றால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனாலும் நில உபயோக மாற்றமும், மனைப்பிரிவு அனுமதியும் கட்டாயம்.

அனுமதியற்ற மனைகளின் பதிவுக்கு சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது நினைவிருக்கலாம். அதன்பின் வந்த வரன்முறைத் திட்டத்தில் 2016 அக்டோபர் 20 என்பது முக்கியமான தேதி. அதற்குப் பிறகு பிரிக்கப்பட்ட அனுமதியில்லாத மனை என்றால், "பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்ற வார்த்தையை நம்பி இறங்கக் கூடாது.

பஞ்சாயத்து அனுமதி இருந்தால் போதுமா?

போதாது. மலைப்பகுதிக் கிராமங்களுக்கு 1990-ல் அமைக்கப்பட்ட மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. உள்ளூரில் 'ஹாகா' என்றே சொல்வார்கள். இந்த எல்லைக்குள் வரும் நிலத்துக்கு வனத்துறை, கனிம வளத்துறை, வேளாண் பொறியியல் துறை போன்றவற்றின் கருத்தும் கேட்கப்படும். சரிவு எவ்வளவு, மண் தாங்குமா, ஓடை எங்கே போகிறது என்பதெல்லாம் பார்க்கப்படும்.

நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. அதாவது தரைத்தளமும் ஒரு மாடியும்தான். "மூணு மாடி, மேலே நின்னா பள்ளத்தாக்கு முழுசா தெரியும்" என்று காட்டினால், அந்த மூன்றாவது மாடிக்கு அனுமதி எங்கே என்று கேளுங்கள். சரிவில் கட்டிய வீடுகளில் சாலைப் பக்கம் ஒரு மாடியாகவும் பள்ளத்துப் பக்கம் மூன்று மாடியாகவும் தெரியும். அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி.

மண்ணை வெட்ட ஜேசிபி, பொக்லைன் கொண்டுவரவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆழ்துளைக் கிணறு போடவும் கட்டுப்பாடு உண்டு. "வாங்கின பிறகு ஒரு போர் போட்டுக்கலாம்" என்ற கணக்கு மலையில் தப்பாகப் போகும்.

குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டை 'காட்டேஜ்' ஆக வாடகைக்கு விடுவதும் இன்னொரு பொறி. வீட்டுக்கு வாங்கிய அனுமதி, தொழிலுக்கு வாங்கிய அனுமதி ஆகாது. "மாசம் இவ்வளவு வாடகை வரும்" என்ற வாக்குறுதியை நம்பிக் கடன் வாங்கினால், சீல் விழுந்த பிறகும் இஎம்ஐ நிற்காது. 2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு சீசனில் வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. சுற்றுலாக் கூட்டத்தை மட்டும் நம்பிப் போடும் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

மே மாதத்தில் பார்த்து வாங்கினால் என்ன தப்பு?

சீசனுக்கு வந்தோம், வீடு பிடித்தது, அட்வான்ஸ் கொடுத்தோம் - இதுதான் வழக்கமான கதை. ஆனால் மலை வீட்டின் உண்மை முகம் மழையில்தான் தெரியும்.

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி இல்லை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி போன்ற மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். குன்னூர், கோத்தகிரி போன்ற கிழக்குப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சோதனை.

நடந்ததைப் பார்த்தாலே புரியும். 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கேத்தி பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அது தென்மேற்குப் பருவமழை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் ஒரே இரவில் 200-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அந்த வயநாடு, பந்தலூருக்குப் பக்கத்து மாவட்டம்.

ஆக, குன்னூர் வீடு என்றால் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் ஒருமுறை, கூடலூர் பக்கம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது அவசியம். சுவரில் பாசி பிடித்திருக்கிறதா, தடுப்புச் சுவரில் விரிசலோ வயிறு தள்ளலோ இருக்கிறதா, சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் இருக்கின்றனவா, மேலே உள்ள சரிவிலிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது - இதெல்லாம் வெயிலில் தெரியாது. புதிதாக வெள்ளை அடித்த வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

மாவட்ட நிர்வாகத்திடம் 283 அபாயப் பகுதிகளின் பட்டியல் இருக்கிறது. வாங்கப்போகும் இடம் அதற்குள்ளோ, அதற்கு அருகிலோ வருகிறதா என்று கேட்பதற்குக் காசு செலவில்லை.

வழி இருக்கிறதா? தண்ணீர் இருக்கிறதா?

எஸ்டேட் ரோட்டில் கார் போகிறது என்பதால் அது பொதுச் சாலை ஆகிவிடாது. பல வீடுகளுக்கு அடுத்தவர் தேயிலைத் தோட்டத்தின் வழியாகத்தான் பாதை. "இத்தனை வருஷமா இப்படித்தான் போறோம்" என்பது விற்பவருக்குச் சரி. தோட்டம் கைமாறி, புதியவர் கேட் போட்டால்? பாதை உரிமை பத்திரத்தில் அளவோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். சர்வே வரைபடத்திலும் அந்தப் பாதை தெரிய வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். நகராட்சிக் குழாயா, ஊற்றுத் தண்ணீரா, டேங்கர் லாரியா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தாலே உண்மை வந்துவிடும். கோடையில் வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்பதைப் புரோக்கரைவிட அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

கூட்டுப்பட்டாவில் என்ன சிக்கல்?

மலைக் கிராமங்களில் பூர்வீக நிலம் அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா என்று பலர் பெயரில் கூட்டுப்பட்டாவாக இருப்பது சகஜம். ஒருவர் தன் 'பாகத்தை' விற்றால், எந்தப் பாகம் என்பதே பிறகு தகராறாகும். பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் சட்டம் திருத்தப்பட்டது. கல்யாணமாகி வெளியூர் போன அக்கா கையெழுத்துப் போடவில்லை என்றால், பத்து வருஷம் கழித்துக்கூட வழக்கு வரலாம். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு செய்த தனிப்பட்டா - மூன்றும் கேளுங்கள்.

இன்னொன்று: பட்டா என்பது வருவாய்த்துறை ஆவணம். அது மட்டுமே உரிமைக்கு முழு ஆதாரம் ஆகாது. மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும்.

செலவுக் கணக்கு எவ்வளவு?

தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் ரூபாய் சொத்து என்றால் 2.80 லட்சமும் 80 ஆயிரமும் சேர்த்து 3.60 லட்சம் பதிவுக்கே போகும். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விலையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

மனைகளின் மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, எட்டு வீடுகளுக்கு மேல் இருந்தாலோ திட்டம் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட திட்டத்தில், ஒப்பந்தம் பதிவு செய்வதற்கு முன் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. கட்டட அமைப்பில் குறை வந்தால், ஒப்படைத்த 5 ஆண்டு வரை கட்டியவர்தான் சரிசெய்ய வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்

1. சர்வே நம்பர், உட்பிரிவு எண் என்ன? அ-பதிவேட்டில் நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டுள்ளது?

2. தனியார் காடு, யானை வழித்தடம், செக்‌ஷன் 17, நிபந்தனை ஒப்படைப்பு நிலம் - இவற்றில் எதுவும் இல்லை என்பதற்கு எழுத்துபூர்வமான பதில் இருக்கிறதா?

3. மனைப்பிரிவு அனுமதி, ஹாகா அனுமதி, கட்டட வரைபட அனுமதி மூன்றும் இருக்கிறதா? கட்டியிருப்பது வரைபடத்தோடு பொருந்துகிறதா?

4. 30 ஆண்டு வில்லங்கச் சான்றும், அசல் மூலப்பத்திரமும் வக்கீல் பார்த்தாரா? அந்த வக்கீலை வைத்தது நீங்களா, புரோக்கரா?

5. பாதை உரிமை பத்திரத்தில் இருக்கிறதா?

6. அந்தப் பகுதிக்கான மழைக்காலத்தில் வீட்டைப் பார்த்தாச்சா?

7. வங்கி இந்த இடத்துக்குக் கடன் தருமா? கடன் தேவையே இல்லை என்றாலும் கேட்டுப் பாருங்கள். பல வங்கிகள் மறுத்தால் அதுவே பெரிய எச்சரிக்கை.

கடைசியாக, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "நிலத்தின் வகை காரணமாக அனுமதி மறுக்கப்பட்டால், அட்வான்ஸ் தொகை முழுவதும் திருப்பித் தரப்படும்." அந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிடுங்கள். நிலத்தில் பிரச்னை இல்லாதவருக்கு இந்த வரியில் கையெழுத்துப் போடத் தயக்கம் இருக்காது. "அதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதானே" என்று பதில் வந்தால், அட்வான்ஸ் பணம் பையிலேயே இருக்கட்டும்.